வண்டு போல இரையாத உதவியாள்

வணக்கம் நேயர்களே. இன்னும் 20, 30 ஆண்டுகளில் கைப்பேசி சட்டைப் பையில் கிடக்காது, பறந்தபடி கூடவே வரும் என்கிறார்கள். அப்படியொரு பறக்கும் உதவியாள் எப்படி இருக்கும் என்று வரைந்து வரும்படி என் தொழினுட்பவியல் வகுப்புப் பிள்ளைகளிடம் சொன்னேன். முக்கால்வாசிப் பேர் பந்து வரைந்தார்கள். நடுவில் ஒரு கண். சிலதில் சிரிப்பும் இருந்தது.

பந்து பிழையில்லை. 2018இல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போன சைமன் என்ற உதவியாள் பந்து வடிவந்தான். ஐந்து கிலோ எடை, திரையில் கோடுகளால் வரைந்த முகம். ஆனால் அங்கே மிதப்பதற்குச் செலவில்லை. இங்கே காற்றைக் கீழே தள்ளினால்தான் மேலே நிற்கலாம். செவ்வாயில் காற்றின் அடர்த்தி நம்முடையதில் நூறில் ஒரு பங்களவுதான். அதனால் 2021இல் அங்கே பறந்த இன்ஜெனுயிட்டி என்ற சின்ன ஹெலிகொப்டரின் 1.8 கிலோ உடம்புக்கு 1.2 மீற்றர் அகலச் சுழலிகள் தேவைப்பட்டன. நமக்கோ எதிர்ப் பிரச்சினை, அடர்ந்த காற்று தள்ளிக்கொண்டு போய்விடும். சோளகம் வீசும் நாளில் இரணைமடுக் குளக்கட்டில் நின்று ஓர் உள்ளங்கையளவு கருவியைப் பறக்கவிட்டால், அது விசுவமடுப் பக்கம் போய்த்தான் விழும்.

எனக்கு உருவத்தைவிட ஓசைதான் பெரிய விஷயம். யுத்த காலத்தில் வேவு பார்த்த ஆளில்லா விமானத்துக்கு நம் சனம் வைத்த பெயர் வண்டு. அது இரைந்தால் பின்னால் என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும். போன வருடம் ஒரு கலியாண வீட்டில் படப்பிடிப்புக்காரரின் ட்ரோன் எழும்பியதும், என் அம்மா பேரனை இழுத்துக்கொண்டு பந்தலுக்குள் போய்விட்டார். வெளியே இளையவர்கள் அண்ணாந்து பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தார்கள்.

சின்ன விசிறி வேகமாகச் சுற்றினால் வண்டுதான். அதே எடையைப் பெரிய விசிறி மெதுவாகச் சுற்றித் தூக்கினால் இரைச்சல் குறையும், மின்கலமும் கூடுதலாகத் தாங்கும். ஆந்தையின் சிறகு விளிம்பில் சீப்புப் பல் போன்ற இழைகள் உண்டு. அது சத்தமின்றிப் பறப்பதற்கு அவையும் ஒரு காரணம். இதையெல்லாம் யோசித்து நானும் ஒன்று வரைந்தேன். பார்த்தால் நம் அடுப்படியில் பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டிதான்: அகன்ற வாய், ஓலைப் பின்னலில் சுவர், விரல் படாதபடி உள்ளே விசிறி. பச்சையும் சாம்பலும் பூச மாட்டேன், அந்த நிறங்களைப் போதுமான அளவு பார்த்துவிட்டோம். கமரா திறந்திருக்கும்போது செம்மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். அறவே சத்தமில்லாமலும் வரக் கூடாது, அது வண்டைவிடப் பொல்லாதது. வயலில் ஆட்காட்டிக் குருவி ஆளைக் கண்டால் கத்துகிறதே, அதுபோல இது தன் வரவைத் தானே சொல்லட்டும்.

படத்தை அம்மாவிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்தார். விளக்கைப் பற்றியோ நிறத்தைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை.

"களைத்தால் இது எங்கே இருக்கும், தம்பி?" என்று கேட்டார்.

இன்றைய சின்ன ட்ரோன்கள் அரை மணித்தியாலம் பறப்பதே பெரிய காரியம். அது தெரிந்தும் நான் கால் வைக்க மறந்துவிட்டேன். அன்றிரவே இரண்டு கால்கள் வரைந்தேன். காகத்தின் கால் மாதிரி, முற்றத்து உடுப்புக் கொடியைப் பற்றிப் பிடிக்கும்படி.