கோவிவனுக்குக் கல் உண்டு

நடுவர் அவர்களே, கோவை மக்களே, வணக்கம். 'பயங்கரவாதத்துக்குப் பலியானோருக்குத் தேசிய நினைவிடமும் அருங்காட்சியகமும் வேண்டுமா, வேண்டாமா?' இதுதான் தலைப்பு. 'வேண்டும்' என்ற அணியில் நான் இரண்டாவது ஆள். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் மூன்று கல் எறிந்துவிட்டு அமர்ந்திருக்கிறார். நடுகல் வீரனுக்குத்தான், கடைக்குப் போன இடத்தில் குண்டில் சிக்கியவருக்கு அல்ல என்றார். நினைவிடம் கட்டினால் அது அரசியலாகிவிடும் என்றார். அந்தப் பணத்தைக் குடும்பங்களுக்குக் கொடுத்துவிடலாமே என்றார். மூன்று கல்லையும் பத்திரமாகப் பொறுக்கி வைத்திருக்கிறேன். கட்டடம் கட்ட வேண்டுமென்றால் கல் வேண்டுமல்லவா!

முதல் கல்லை எடுக்கிறேன். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. வீரன் ஒருவன் நிற்கிறான். பக்கத்தில் ஒரு நாய். கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டு சொல்கிறது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் கழித்தும் ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது.

எதிரணித் தலைவர் எழுந்திருக்கப் பார்க்கிறார். 'நாயும் சண்டை போட்டதே ஐயா' என்பார். போட்டது, ஒப்புக்கொள்கிறேன். சாலையோரத்துச் சுமைதாங்கி எந்தச் சண்டையில் நட்ட கல்? பிள்ளையை வயிற்றில் சுமந்தபடியே இறந்துபோன பெண்ணின் நினைவாக வைத்தது. அவள் வாளெடுக்கவில்லை, ஆநிரை மீட்கவில்லை. அவளுடைய பாரம் இறங்காமலே போயிற்று, வழிப்போக்கனின் பாரமாவது இறங்கட்டும் என்று ஊர் நினைத்தது. வீரருக்கு மட்டும்தான் கல் என்பது பாதி மரபு. மீதிப் பாதி நம் ஊர்ச் சாலைகளில் நின்றுகொண்டிருந்தது. சாலையை அகலப்படுத்தியபோது நாம்தான் பல இடங்களில் பிடுங்கிப் போட்டோம்.

தில்லியில் காவலர்களுக்கு 2018இலும், படைவீரர்களுக்கு 2019இலும் தேசிய நினைவிடங்கள் திறந்தார்கள். இரண்டும் வேண்டியவைதான். காக்கியும் போடாமல், பச்சையும் போடாமல், கையில் கூடையோடு செத்தவருக்கு எங்கே?

இரண்டாவது கல்லோடு கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். அது இந்த ஊர்க் கல்.

1998 பிப்ரவரி 14. இந்த மேடையிலிருந்து ஆர்.எஸ்.புரம் கூப்பிடு தூரம். தேர்தல் பிரசாரத்துக்கு அத்வானி வரவிருந்த மாலை. ஊரின் பல இடங்களில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. 58 பேர் இறந்தார்கள். காயம்பட்டோர் 200க்கும் மேல். அன்று கடையை இழுத்துச் சாத்திவிட்டு ஓடியவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள். ஆண்டுதோறும் அதே நாளில் இங்கே மலரஞ்சலி நடக்கிறது. யார் நடத்துகிறார்கள்? கட்சியும் அமைப்புகளும். காவல் துறை பாதுகாப்புக்கு நிற்கிறது. அழ வருகிறவர் எந்தக் கொடியின் கீழ் நின்று அழுவது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

நடுவர் அவர்களே, நினைவிடம் கட்டினால் அரசியலாகிவிடும் என்கிறார் நண்பர். கட்டாததால்தான் ஆகியிருக்கிறது என்கிறேன் நான். அரசு கைவிட்ட நினைவு தெருவில் கிடப்பதில்லை. அதைத் தத்தெடுக்க ஆள் தயாராக இருக்கிறது, தத்தெடுத்தவர் தம் இனிஷியலையும் போட்டுக்கொள்கிறார்.

அருங்காட்சியகம் எதற்கு, ஒரு கல் போதாதா என்றும் கேட்டார். போதாது. கல் பெயரைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. 1998 குண்டுகளைப் பற்றிப் பேச வருகிறவர் 1997 நவம்பரையும் பேச வேண்டும். இதே ஊரில் ஒரு காவலர் கொல்லப்பட்டார், அதன்பின் நடந்த வன்முறையில் முஸ்லிம்கள் பலர் கொல்லப்பட்டார்கள். இதைச் சொல்வது குண்டுக்கு நியாயம் கற்பிப்பதாகாது. இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்துக் காட்டும் துணிவு எந்தக் கட்சி மேடைக்கும் வராது.

அப்படிக் காட்ட முடியுமா? ஸ்பெயினில் விட்டோரியா என்ற நகரில், பழைய வங்கிக் கட்டடம் ஒன்றில், 2021இல் இப்படி ஒரு நினைவு மையத்தை அந்நாட்டு மன்னர் திறந்துவைத்தார். பாஸ்க் பகுதிக்குத் தனிநாடு கேட்டு ஆயுதம் ஏந்திய ஈட்டா இயக்கம் ஒரு சிறை அதிகாரியை 532 நாள் அடைத்துவைத்த குழியை உள்ளே அப்படியே அமைத்திருக்கிறார்கள். அதே மையம், ஈட்டாவை ஒடுக்குகிறோம் என்று 1980களில் உள்துறையின் பணத்தில் இயங்கிய கொலைக் கும்பலையும் விட்டுவைக்கவில்லை. அரசு தன் குற்றத்துக்கும் அங்கே இடம் ஒதுக்கியிருக்கிறது.

யாரைப் பலியானவர் என்று சேர்ப்பது, வரையறை எங்கே என்றாரே, அதற்கும் தொலைதூரம் போக வேண்டாம். பயங்கரவாதம், மதக் கலவரம், நக்சல் வன்முறை ஆகியவற்றில் இறந்த பொதுமக்களின் குடும்பங்களுக்கு உதவ மத்திய அரசின் திட்டம் 2008 முதல் இருக்கிறது. முதலில் 3 லட்சம் ரூபாய், 2016இல் 5 லட்சம். பணம் கொடுக்க வரையறை கிடைத்திருக்கிறது. பெயர் எழுத மட்டும் கிடைக்கவில்லையா?

மூன்றாவது கல்லும் இதிலேயே உடைந்துவிட்டது. அந்த 5 லட்சத்தைக் கூட்டிக் கொடுங்கள், நானும் கைதட்டுகிறேன். ஆனால் காசோலையில் செத்தவர் பெயர் இருக்காது, வாங்குகிறவர் பெயர்தான் இருக்கும். இதே போன்ற அருங்காட்சியகத் திட்டத்தைப் பிரான்ஸே பணமில்லை என்று கைவிட்டதைச் சொன்னார். 2024 டிசம்பரில் கைவிட்டது உண்மை. பாதிக்கப்பட்டோர் கொதித்தெழுந்த பிறகு அடுத்த சில மாதங்களில் திட்டத்தை மீட்டெடுத்ததை ஏனோ சொல்லாமல் விட்டார். சோடா குடிக்கும்போது மறந்திருக்கும்.

ஒன்றில் மட்டும் அவரோடு உடன்படுகிறேன். நியூயார்க்கில் 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கான அருங்காட்சியகத்தை 2014இல் திறந்தபோது அதன் பரிசுக் கடையில், தாக்குதல் நடந்த இடங்களை இதயக் குறியால் காட்டும் அமெரிக்க வரைபட வடிவில் பாலாடைக்கட்டித் தட்டு விற்றார்கள். கண்டனம் எழுந்து தட்டை எடுத்துவிட்டார்கள். நமக்குத் தட்டும் வேண்டாம், டிக்கெட்டும் வேண்டாம். ஆனால் அங்கே பெயர்களை வைத்திருக்கும் முறை வேண்டும். 2,983 பெயர்கள், அகர வரிசையில் அல்ல. யார் யாரோடு இருந்தார்கள், யார் பக்கத்தில் யார் பெயர் வர வேண்டும் என்று குடும்பங்களைக் கேட்டு வைத்திருக்கிறார்கள்.

நடுவரின் கை மணியை நோக்கிப் போகிறது, முடிக்கிறேன். 1984 ஆகஸ்டு 2 இரவு, சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் குண்டு வெடித்தது. கொழும்பு விமானத்துக்கு வைத்தது. முன்கூட்டியே தொலைபேசி எச்சரிக்கையும் வந்திருந்தது. இறந்தவர்கள் ஏறக்குறைய 30 பேர், பெரும்பாலோர் இலங்கைப் பயணிகள். நம் தலைநகரத்தில், நாம் வழியனுப்பவும் வரவேற்கவும் போகிற இடத்தில் நடந்தது. எதிரணியினர் நான்கு பேரும் படித்தவர்கள். அந்த இரவில் இறந்தவர்களில் ஒருவர் பெயரை, ஒரே ஒருவர் பெயரைச் சொல்லட்டும். நான் இந்த அணியை விட்டு அவர்கள் பக்கம் போய் அமர்ந்துகொள்கிறேன். எனக்கும் தெரியாது நடுவர் அவர்களே.