தலைவலின்னு சொல்லிட்டேன்! | தரங்கம்பாடியில இருந்து

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் பேசறது கேக்குதா? கடல் காத்து, மைக்ல புஸ்ஸு புஸ்ஸுன்னு அடிக்கும், கொஞ்சம் பொறுத்துக்கங்க. தரங்கம்பாடி ராஜா வீதியில நிக்கிறேன். பின்னாடி தெரியுது பாருங்க, அதான் புது எருசலேம் ஆலயம். 1718ல கட்டினது. முகப்புல கிரீடம் வச்ச எழுத்து இருக்குல்ல? இந்த ஊரை அப்ப ஆண்ட டென்மார்க் ராஜா நாலாம் பிரெட்ரிக்கோட முத்திரை அது. கோயில்பிள்ளை சாவி எடுக்கப் போயிருக்கார், அவர் வர்றதுக்குள்ள ஒரு விஷயம் பேசிடலாம்.

“ஆபீஸ்ல இயேசுவப் பத்திப் பேசணும்னு ஆசை, ஆனா வாயே வரமாட்டேங்குது”ன்னு சொல்றவங்க நெறைய பேர். முதல்ல என் வெக்கக்கேட்டைச் சொல்லிடறேன்.

சென்னையில எனக்கு முதல் வேலை. மத்தியானம் டிபன் பாக்ஸைத் தொறந்துட்டு ஒரு நொடி கண்ண மூடினேன். பக்கத்து சீட்டு அக்கா, “என்னம்மா ஆச்சு?”ன்னாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “தலைவலிக்கா.” அவங்க பாவம், பையத் துழாவி தைலம் எடுத்துக் குடுத்தாங்க. வேற வழியில்லாம தடவிக்கிட்டேன். சாயங்காலம் வரைக்கும் அந்த வாசனை என்னை விடல. இயேசுவத் தெரியாதுன்னு சொன்ன பேதுருவுக்குச் சேவல் கூவிச்சு, எனக்குத் தைலம்.

இத்தனைக்கும் ஞாயிறு பள்ளியில மனப்பாட வசனத்துக்கு வருஷா வருஷம் பரிசு வாங்கினவ நான். வசனம் தெரியாம இல்ல. பதில் தெரியாத கேள்வி கேட்டுட்டா என்ன பண்றதுன்னு ஒரு பயம். “மதம் மாத்த வந்துட்டா”ன்னு நெனச்சுடுவாங்களோன்னு அதவிடப் பெரிய பயம். இந்த ரெண்டாவது பயத்துல நியாயம் இருக்குங்க. ரயில்ல தூங்கறவரைத் தட்டி எழுப்பிக் கைப்பிரதி குடுக்கறவங்கள நானே பாத்திருக்கேன். அடுத்தவங்க சாமியக் கேலி பண்ணி மைக்ல கத்தறதையும் கேட்டிருக்கேன். அதையெல்லாம் நான் தைரியம்னு சொல்ல மாட்டேன்.

நம்ம அரசியல் சட்டம் 25வது பிரிவு, நம்பிக்கைய எடுத்துச் சொல்ல உரிமை குடுக்குது. ஆனா இன்னொருத்தரை மதம் மாத்தறது அந்த உரிமையில சேராதுன்னு 1977ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. நம்மாளுங்க சிலருக்கு இது கசக்கும். எனக்கு நிம்மதி. மாத்தறது என் வேலையே இல்ல, அது ஆவியானவர் பாடு.

சரி, இந்தக் கோயிலுக்கு வருவோம். இதைக் கட்டின ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் ஐயர் இங்க வந்து இறங்கினது 1706 ஜூலை 9. இருபது சொச்சம் வயசு, அடிக்கடி சுகமில்லாமப் போற உடம்பு, தமிழ்ல ஒரு எழுத்து தெரியாது. ஒரு வயசான வாத்தியாரப் பிடிச்சு, பள்ளிக்கூடத்தையே தன் வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி, பிள்ளைங்களோட தரையில உக்காந்து மணல்ல விரலால எழுதிப் படிச்சார். அவரை மகான்னு தூக்கி வைக்கல. வந்த புதுசுல ஒரு சாமி கோயில்ல இருந்த சிலைங்களத் தள்ளி உடைச்சதா அவரே எழுதியிருக்கார். எனக்குப் பிடிச்சது அதுக்கப்புறம் வந்த சீகன்பால்க். ஊர்க்காரங்களுக்குக் கடிதாசி போட்டு, “நீங்க என்ன நம்பறீங்க, ஏன்?”னு கேட்டார். வந்த பதிலையெல்லாம் ஜெர்மன்ல எழுதி ஊருக்கு அனுப்பினார். 1713ல நம்ம ஊர் தெய்வங்களப் பத்தியே ஒரு புஸ்தகம் எழுதி முடிச்சார். “உன்னை இதுக்கா அனுப்பினோம்?”கிற மாதிரி ஜெர்மனியில ஹாலே ஊர்ல இருந்த அவரோட குரு பிராங்கே அச்சுப் போடவே இல்ல. கடைசியில 1867ல நம்ம சென்னையில வந்துச்சு!

நடுவுல இங்க இருந்த டேனிஷ் கவர்னரே அவரப் பிடிச்சு நாலு மாசம் கோட்டையில அடைச்சும் வச்சார். 1715ல தமிழ் புதிய ஏற்பாடு இங்கயே அச்சாச்சு. 1719ல, 36 வயசுல போயிட்டார். இந்தக் கோயிலுக்குள்ளதான் அடக்கம்.

அவர் மாதிரி “நீங்க என்ன நம்பறீங்க?”ன்னு நான் யார்கிட்டயும் கேக்கவே இல்லையே, அதான் எனக்கு உறைச்சுது. எதைச் சொல்லலாம்னே யோசிச்சிட்டிருந்தேன்.

கொஞ்ச வருஷம் கழிச்சு அதே தைலக்காரக்கா வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில சேத்திருந்தாங்க. வராண்டா பெஞ்சுல ரொம்ப நேரம் அவங்க பேச, நான் கேட்டுட்டே இருந்தேன். அப்புறம், “அக்கா, நான் ஜெபம் பண்ணட்டுமா?”ன்னேன். குரல் நடுங்குச்சு. “பண்ணும்மா. பழனிக்கும் நேந்திருக்கேன்”னாங்க. சரிக்கான்னு கையப் பிடிச்சு நாலு வரி ஜெபம் பண்ணினேன். கண்ணத் தொறந்தா என்னையே பாத்துட்டிருக்காங்க. “அன்னிக்குத் தலைவலின்னியே, அது இதானே?” அப்பவே தெரிஞ்சிருக்கு மனுஷிக்கு!

சிரிப்பு அடங்கினதும் அவங்களாதான் கேட்டாங்க, உனக்கு ஏன் இயேசுன்னு. எங்கப்பா செத்த வருஷம் ராத்திரியெல்லாம் தூக்கம் வராம நான் யார்கிட்ட பேசினேன், எப்படித் தாங்கினேன், அத மட்டும் சொன்னேன். பைபிள்ல யோவான் 9ல பார்வை கிடைச்சவன், தன்னை விசாரிச்ச மதத் தலைவருங்களான பரிசேயர்கிட்ட என்ன சொல்றான்? குருடனா இருந்தேன், இப்ப பாக்கறேன், இதுதான் எனக்குத் தெரியும்னு. அவன்கிட்ட இருந்தது அவ்வளவுதான். “அப்போ உங்க அப்பாவ ஏன் காப்பாத்தல?”ன்னு அக்கா கேட்டாங்க. இத்தன வருஷமா நான் பயந்த கேள்வி அதான். “தெரியலக்கா”ன்னேன். வானம் இடிஞ்சு விழல. பிளாஸ்க்ல இருந்து எனக்கும் காபி ஊத்திக் குடுத்தாங்க.

அக்கா இன்னும் பழனிக்குப் போறாங்க, நானும் சர்ச்சுக்குப் போறேன். மத்தியானம் யாராவது அவசரமா என் டப்பாவுல கை வச்சா, “ஏய் இரு, அவ ஜெபம் முடிக்கட்டும்”னு அதட்டறது அவங்கதான்.

இதோ, கோயில்பிள்ளை சாவியோட வந்துட்டார். வாங்க, உள்ள போய்ப் பாக்கலாம்.