ஐயா, இன்னைக்கு என்ன காத்து?

நடுவர் ஐயா அவர்களுக்கும், ஊர்ப் பெரியவர்களுக்கும், மணலில் பாய் விரித்து அமர்ந்திருக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம். மணி அடிப்பதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் நேரே எதிரணித் தம்பியிடம் வருகிறேன்.

'பேரப்பிள்ளைகளால் பெரியவர்களுக்குப் பெருகுவது மகிழ்ச்சியா, வேலையா' என்ற தலைப்பில், வேலையே என்று வாதாடிய தம்பி ஒரு கேள்வி கேட்டுக் கைதட்டல் வாங்கினார். "ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கடலுக்கே 61 நாள் ஓய்வு கொடுக்கிறது அரசாங்கம். அதே நாட்களில் பள்ளி விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வந்து இறங்கும் வீட்டில் அப்பத்தாவுக்கு ஒரு நாள் ஓய்வு உண்டா?" என்றார். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். தாய்மார்கள்தான் அதிகம் சிரித்தீர்கள் என்பதையும் பார்த்தேன்.

தம்பி, கடலோரத்தில் பிறந்து வளர்ந்த நீங்கள் மீன்பிடித் தடைக்காலத்தை ஓய்வு என்று சொன்னது எனக்கு மெய்யாகவே வருத்தம். விசைப்படகுகள் கரையில் கிடக்கின்றன, எஞ்சின் பிரித்துப் போட்டிருக்கிறது, பலகைக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள், சரிதான். அந்த ஓய்வெல்லாம் படகுக்கு. மீன் முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, இனம் பெருக வேண்டும் என்பதற்காகத்தானே தடைக்காலம் வைத்தார்கள்? அப்படியானால் ஆண்டு முழுவதிலும் கடல் ஓயாமல் பாடுபடுகிற நாட்கள் அந்த 61 நாட்கள்தாம். அந்த நாட்களில் கடலுக்கு என்ன வேலையோ, அதே வேலைதான் அப்பத்தாவுக்கும். குஞ்சுகள் வந்திருக்கின்றன, அவற்றை வளர்த்து அனுப்ப வேண்டும். ஜூன் 15ஆம் தேதி படகு இறங்கி வலை நிறைய மீன் வரும்போது கரையே கொண்டாடுகிறதே, அதைப் பாரம் என்று இந்தக் கடற்கரையில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

வேலை இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. நகரை மீனைக் குழம்பிலிருந்து எடுத்து, ஆறவைத்து, விரல் நுனியால் தடவித் தடவி நடுமுள்ளையும் பக்கமுள்ளையும் நீக்கி, சோற்றோடு பிசைந்து உருட்டி நீட்டுவதற்குள் பத்து நிமிடம் ஆகிவிடும். அத்தனை நேரமும் என் பேத்தி வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருப்பாள். அவள் தகப்பனும் ஐந்து வயதில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான். அன்று பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டிய அவசரத்தில் அந்த முகத்தை நான் நின்று பார்க்கவே இல்லை.

இப்போது என் வீட்டுக்காரர் கதைக்கு வருகிறேன். பாம்பனில் அவரைத் தெரியாதவர் இல்லை. முழங்கால் தேய்ந்து படகை விற்ற பிறகு, கடல் தெரிகிற திண்ணையில் சுவரைப் பார்த்து உட்கார ஆரம்பித்தார். காலையில் உட்கார்ந்தால் இரவுச் சாப்பாட்டுக்குத்தான் எழுவார். மருத்துவர் தினமும் நடக்கச் சொன்னார், நடக்கவில்லை. நான் கெஞ்சினேன், நடக்கவில்லை. திருப்பூரில் இருக்கும் மகன் விலை உயர்ந்த காலணி வாங்கி அனுப்பினான். அது பெட்டி பிரிக்காமல் பரண்மேல் இன்னும் இருக்கிறது.

சென்ற ஆண்டு தடைக்காலத்தில் பேத்தி வந்தாள். ஒரு சாயங்காலம் மின்சாரம் போய்விட, புழுக்கம் தாங்காமல் திண்ணைக்கு ஓடி வந்தவள், முகத்தில் காற்று அடித்ததும் தாத்தாவிடம் கேட்டாள்: "ஐயா, இந்தக் காத்துக்கு என்ன பேரு?" அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கச்சான்" என்றார். அன்று அவர் பேசிய முதல் சொல் அதுதான். பிறகு சுவரை விட்டுத் திரும்பினார். அவள் தோளைப் பிடித்து நான்கு திசைக்கும் திருப்பி நிறுத்தி, வடக்கேயிருந்து வந்தால் வாடை, கிழக்கேயிருந்து வந்தால் கொண்டல், தெற்கேயிருந்து வந்தால் சோழகம், மேற்கேயிருந்து வந்தால் கச்சான் என்று சொல்லிக் கொடுத்தார். அவள் சடையில் கட்டிய சிவப்பு ரிப்பன் கிழக்கே பார்த்துப் பறந்தால் காற்று மேற்கிலிருந்து வருகிறது என்று கணக்கும் காட்டினார்.

விடுமுறை முடிந்து ஊருக்குப் போனாள். மறுநாள் இரவு ஏழரை மணிக்குப் போன் வந்தது. "ஐயா, இன்னைக்கு என்ன காத்து?" இவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "சோழகம்த்தா" என்றார். "கடல்ல போய்ப் பாத்தீங்களா?" என்றாள். தாய்மார்களே, அந்தக் கேள்வியை மறுபடி சொல்கிறேன், நடுவர் ஐயா குறித்துக்கொள்ளட்டும்: "கடல்ல போய்ப் பாத்தீங்களா?" ஆறு வயதுகூட ஆகாத பிள்ளையிடம் பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கம்பை எடுத்தார், எழுந்தார், போனைக் காதில் வைத்தபடியே தென்கடல் கரைவரை நடந்தார். மருந்தும் காலணியும் என் கண்ணீரும் எழுப்ப முடியாத மனிதரை ஒரு பிள்ளையின் கேள்வி எழுப்பியது. அன்றுமுதல் ஒரு நாள் தவறியதில்லை. இப்போது கம்பும் வீட்டிலேயே கிடக்கிறது. தம்பி, இதை வேலை என்று எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

இன்னும் ஒன்று உண்டு. அதை நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை. அவள் ஊருக்குப் புறப்படுவதற்கு முந்தின இரவு, நான் அடுக்களையில் இருந்தேன். "உங்களுக்கு யாரு ஐயா சொல்லிக் குடுத்தா?" என்று அவள் கேட்டது காதில் விழுந்தது. "எங்க ஐயா" என்றார். "அவரு எங்க?"

என் வீட்டுக்காரர் தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் தேதி இரவு, தண்டவாளத்தில் வந்த ரயிலையே வாரிக்கொண்டு போன அந்தப் புயலின்போது அவருக்கு ஆறு வயது. தகப்பனும் தாயும் அவரைத் தூக்கிக்கொண்டு தப்பினார்கள், பாட்டனார் தப்பவில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அதுவும் என் மாமியார் சொன்னது. 42 ஆண்டு இல்லறத்தில் அவர் அந்தப் பாட்டனாரைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று அந்தப் பிள்ளையிடம் பேசினார். பாட்டனாரின் தோளில் உட்கார்ந்து காற்று பார்த்ததை, அவர் தலைத்துண்டில் வீசிய கருவாட்டு வாசத்தை, எல்லாவற்றையும் சொன்னார். "அவரு கடலுக்குப் போயிட்டாருத்தா" என்று முடித்தார். அதற்கு அவள், "அப்ப அவருக்குப் போன் பண்ணிக் கேப்போமா, அங்க என்ன காத்துன்னு?" என்றாள். அவர் அழுததை நான் கேட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு இருட்டிலேயே நின்றேன்.

நடுவர் ஐயா, முன்வரிசையில் அந்தக் காலி நாற்காலியைப் பாருங்கள். நான் பேச எழுந்தபோது அவர் அங்கேதான் இருந்தார். மணி ஏழரை ஆகிவிட்டது, திருப்பூரிலிருந்து போன் வந்திருக்கும். இந்த ஆடி மாதத்தில் என்ன காற்று வீசும் என்று சேலைத் தலைப்பு பறக்க நிற்கிற எனக்கே தெரியும். ஆனாலும் அவர் கடலைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார். உங்கள் தீர்ப்பை அவர் திரும்பி வந்த பிறகு சொல்லுங்கள்.