மெரினோ சட்டையும் கழுத்தடி லேபிளும்

இதைப் பாருங்கள். இருங்கள், கேமராவுக்கு இன்னும் பக்கத்தில் காட்டுகிறேன். கழுத்துக்குப் பின்புறம், தையலுக்கு ஒரு விரற்கடை கீழே. ஓட்டை தெரிகிறதா? மிளகு அளவுதான். போன வாரம் வந்த சட்டை இது. இன்னும் ஒரு முறைகூடக் குளிருக்குள் கொண்டுபோகவில்லை. அந்துப்பூச்சியைத் திட்டலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ஓட்டையைப் போட்டவன் நான்தான்.

கையுறை வீடியோ போட்டதிலிருந்து உங்களில் பாதிப் பேர் கேட்பது ஒன்றுதான்: மேலே போடுவதையெல்லாம் காட்டுகிறீர்கள், உடம்போடு ஒட்டி உள்ளே என்ன போடுகிறீர்கள்? மெரினோ கம்பளி தெர்மல்தான், அதாவது மெரினோ என்ற செம்மறி ஆட்டின் மெல்லிய கம்பளியில் பின்னிய குளிர்கால உள்ளாடை. நான்கு வருடமாக அதுதான். ஆனால் ‘மெரினோ’ என்று எழுதியிருந்தால் போதும், சுகமாக இருக்கும் என்று நம்பி வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. நானும் அப்படி வாங்கியவன் என்பதால் கூடுதல் எரிச்சல்.

கம்பளி ஏன் குத்துகிறது தெரியுமா? பலர் ஒவ்வாமை என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது வெறும் தடிமன் சமாச்சாரம். சுமார் 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் தடித்த இழையின் நுனி தோலில் பட்டால் வளையாது, ஊசி மாதிரி நிற்கும். மெல்லிய இழை நுனி வளைந்து படுத்துவிடும். நம் தலைமுடியே பெரும்பாலும் 50 மைக்ரானுக்கு மேல்தான் இருக்கும். இந்தச் சட்டையின் இழை சராசரி 17.5 மைக்ரான். தோலோடு போடுவதற்கு 19க்கு மேல் நான் வாங்குவதே இல்லை. அட்டையில் மைக்ரானே போடாமல் ‘மிக மென்மையானது’ என்று மட்டும் போட்டிருந்தால் அதைத் திருப்பி வைத்துவிடுவேன்.

ஆக, 17.5 மைக்ரான். தடவிப் பார்த்தால் கோழிக்குஞ்சு மாதிரி இருக்கிறது. இவ்வளவு மெல்லிய கம்பளியைத் தேர்ந்தெடுத்து, நூற்று, பின்னி, கடைசியில் கழுத்துக்குப் பின்னால் என்ன வைத்துத் தைத்திருக்கிறார்கள்? விறைத்த பாலியெஸ்டர் லேபிள். ஒன்றல்ல, மூன்று. ஒன்றன்மேல் ஒன்றாக. பட்டுச் சேலைக்குச் சாக்குத்துணியில் முந்தானை வைத்த கதை.

முதல் நாள் வீட்டிலேயே போட்டுப் பார்த்தேன். பத்தே நிமிடத்தில் பிடரி சிவந்துவிட்டது. கத்தரிக்கோலை எடுத்து வெட்டினேன். நான் செய்த முதல் முட்டாள்தனம் அது. வெட்டிய பிறகு தையலுக்குள் இரண்டு மில்லிமீட்டர் அடிக்கட்டை மிஞ்சியது. அதன் விளிம்பு கத்தி மாதிரி. முழு லேபிளாவது மடங்கியது, இந்தக் கட்டை மடங்கவும் இல்லை. சரி, தையலைப் பிரித்து வேரோடு எடுப்போம் என்று பிளேடை எடுத்தேன். இது இரண்டாவது முட்டாள்தனம். லேபிளைப் பிடித்திருந்த நூலும் கறுப்பு, சட்டையும் கறுப்பு, நேரமோ ராத்திரி. நான்கு தையல் அழகாகப் பிரிந்தது. ஐந்தாவதில் ‘டிக்’ என்று ஒரு சத்தம். அறுந்தது தையல் நூல் அல்ல, சட்டையின் கண்ணி.

பின்னல் துணியில் ஒரு கண்ணி அறுந்தால் அது ஏணிப்படி மாதிரி கீழே ஓடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஓடுகிற கண்ணியை ஒரு ஊக்கில் மாட்டி நிறுத்தினேன். பிறகு பழைய கிழிந்த மெரினோ காலுறையிலிருந்து இழை உருவி, மெல்லிய ஊசியில் கோத்து, கண்ணிக்குள் கண்ணியாக விட்டுத் தைத்தேன். முக்கால் மணி நேரம். நீங்கள் பார்ப்பது தைத்த பிறகு மிஞ்சிய ஓட்டை. இழுத்துப் பாருங்கள், ஓடவில்லை! என் வாழ்க்கையில் நான் தைத்த எதுவும் இவ்வளவு நன்றாக நின்றதில்லை. சட்டை பொத்தானே என் கையில் இரண்டு நாள்தான் தாங்கும்.

ஆகவே வாங்கும்போது சட்டையை உள்பக்கம் வெளியே திருப்புங்கள். லேபிள் துணியிலேயே அச்சடித்திருக்கிறதா? தையல் தட்டையாக இருக்கிறதா, வரப்பு மாதிரி எழும்பி நிற்கிறதா? ஃபிளாட்லாக் தையல் என்றால் விரலால் தடவும்போதே தெரியும், மேடு இருக்காது. தோளின் உச்சியில் தையல் ஓடினால் முதுகுப்பையின் பட்டை அதன்மேல்தான் உட்காரும். கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்வாகப் போகும் ராக்லன் கை எனக்குப் பிடிப்பது அதனால்தான்.

அடுத்தது கனம். போன குளிர்காலத்து வீடியோவில் மலை உச்சிக்கு ஏறி, பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு நடுங்கிக்கொண்டே கீழே ஓடினேனே, நினைவிருக்கிறதா? அன்று காரணம் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது. கனமாக இருந்தால் கதகதப்பு என்று 250 ஜி.எஸ்.எம். தெர்மல் போட்டிருந்தேன். அதாவது ஒரு சதுர மீட்டர் துணி 250 கிராம். ஏறும்போது வியர்த்துக் கொட்டியது. உச்சியில் நின்றதும் காற்று அடித்தது, அத்தனை ஈரமும் முதுகில் ஐஸாக ஒட்டிக்கொண்டது. இப்போது ஏற்றத்துக்கு 150. மெதுவாக நடக்கும் நாளில் 200. அந்த 250 கூடாரத்தில் தூங்குவதற்கு மட்டும். தூங்குவதற்கு அதைவிட நல்ல துணி கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

‘கம்பளி நனைந்தாலும் சூடு தரும்’ என்ற வாசகத்தை எல்லாரும் கிளிப்பிள்ளை மாதிரி சொல்கிறார்கள். பாதிதான் உண்மை. கம்பளி தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் தொட்டால் காய்ந்த மாதிரியே இருக்கும். ஈரத்தை வாங்கும்போது கொஞ்சம் வெப்பமும் விடும். ஆனால் அதற்கு மேல் நனைந்தால் ஈரம் ஈரம்தான். காய்வதற்கும் பாலியெஸ்டரைவிட நேரமெடுக்கும். என் தராசைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே! இரண்டையும் முக்கிப் பிழிந்து, ஒரே கொடியில் போட்டு, மணிக்கொரு தரம் எடை பார்த்தேன். பாலியெஸ்டர் பழைய எடைக்கு வந்தபோது மெரினோ இன்னும் சொதசொதவென்றுதான் இருந்தது. ஓடுகிற ஆட்களுக்கும், வழியெல்லாம் வியர்க்கிற ஆட்களுக்கும் பாலியெஸ்டரே போதும். ஐந்தாம் நாள் அந்தச் சட்டையோடு ஒரே கூடாரத்தில் படுக்க முடியாது, அது வேறு விஷயம். மெரினோவை ஐந்து நாள் போட்டுக் காற்றில் உதறினேன், நாற்றமில்லை. சத்தியமாக.

அட, அளவைச் சொல்லாமல் தாண்டிவிட்டேன். உடம்போடு ஒட்டவேண்டும், இறுக்கக்கூடாது. போட்டுக்கொண்டு இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்குங்கள். இடுப்பு வெளியே தெரிந்தால் அந்தச் சட்டை வேண்டாம், குனியும்போதெல்லாம் குளிர் உள்ளே புகும். எனக்கு எப்போதும் ஒரு அளவு நீளமானது வேண்டும்.

நூறு சதவீத மெரினோதான் உசத்தி என்பதையும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். 150 ஜி.எஸ்.எம். சுத்த மெரினோவை முதுகுப்பையின் இடுப்புப் பட்டை ஒரே பருவத்தில் தேய்த்துச் சல்லடையாக்கிவிடும். நடுவில் மெல்லிய நைலான் இழை ஓட, அதைச் சுற்றிக் கம்பளி நூற்ற துணி வருகிறது. அது உழைக்கிறது.

துவைப்பது சுருக்கமாக: 30 டிகிரிக்குள், கம்பளிக்கான சோப்பு, துணியை மென்மையாக்கும் திரவம் கூடவே கூடாது, தட்டையாக விரித்துக் காயவையுங்கள், கொடியில் போட்டால் நீண்டுவிடும். நான் எடை பார்க்கக் கொடியில் போட்டது பழைய சட்டை, அதைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். அழுக்கோடு பெட்டியில் வைக்காதீர்கள். வியர்வைக் கறை உள்ள இடத்தைத்தான் அந்துப்பூச்சியின் புழு தேடித் தின்னும். அந்துருண்டை நாற்றத்தைவிட இறுக மூடிய பை எவ்வளவோ மேல்.

லேபிளுக்குத் திரும்பி வருகிறேன், ஒன்று விட்டுப்போனது. வெட்டும் முன் துவைக்கும் குறிப்பைப் படம் எடுத்துவிடுங்கள். நான் எடுக்கவில்லை. மெஷினில் போடலாமா கூடாதா என்று எழுதியிருந்தது அந்த மூன்றாவது லேபிளில்தான். அது இப்போது குப்பையில். ஆகவே இந்தச் சட்டைக்கு ஆயுசு முழுக்கக் கைத்துவையல்தான்.

இதே ஜோடியின் கால்சட்டையை இன்னும் பிரிக்கவில்லை. உங்கள் முன்னாலேயே பிரிக்கிறேன். துணி அதேதான், இரண்டு காலும் சேரும் இடத்தில் தையல் இல்லாமல் தனித்துண்டு வைத்திருக்கிறார்கள், அருமை. இடுப்புப் பட்டியைத் திருப்பினால்... ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றும் இருக்கிறது. கேமராவை அணைக்கிறேன். இந்த முறை பகல் வெளிச்சம், பிளேடு கிடையாது, ஊசி மட்டும்.