ராட்டினக்காரருக்கு இரண்டு அடுப்பு

(நகரத் தொழிலாளர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கும் தோழர்களுக்கும், பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

பங்குனிப் பொங்கலுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. அப்போது நம் திடலில் லாரிகள் வந்து நிற்கும். ஜெயன்ட் வீல், கொலம்பஸ், மரணக் கிணறு எல்லாம் எழும்பும். பொருட்காட்சி என்றால் நமக்கு டெல்லி அப்பளமும் மிளகாய் பஜ்ஜியும் ராட்டினத்தின் உச்சியில் வயிற்றைப் பிசையும் அந்த ஒரு நொடியும்தான் நினைவுக்கு வரும். நான் பேச வந்தது ராட்டினத்துக்கு அடியில் நிற்கிறவரைப் பற்றி. அவர் என்ன கூலி வாங்குகிறார், அதை வைத்து எப்படிக் குடும்பம் நடத்துகிறார் என்பதைப் பற்றி.

என் அப்பா ராட்டினக்காரர். முதலில் நாலு தொட்டி வைத்த கை ராட்டினம் சொந்தமாக வைத்திருந்தார். மின்சார ராட்டினங்கள் வந்த பிறகு அதற்குக் கூட்டம் சேரவில்லை. அதை விற்றுவிட்டுப் பெரிய ராட்டினம் வைத்திருந்த ஒருவரிடம் கூலிக்குப் போனார். பள்ளி லீவில் நானும் கூடப் போவேன்.

ராட்டினம் நிறுத்துவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பீர்கள்? முதலில் தரை பார்ப்பார்கள். ஒரு பக்கம் சரிவாக இருந்தால் மரக்கட்டைகளை அண்டக் கொடுத்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, மறுபடி கட்டை மாற்றி, மறுபடி பார்த்து, அது ஒரு பகல் முழுக்க ஓடும். பிறகு தூண், அச்சு, கைகள், கடைசியில் தொட்டிகள். ஓட ஆரம்பித்ததும் ஆள் ஏற்றுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. இந்தப் பக்கம் ஒரு தொட்டி நிறைந்தால், சுற்றி நிறுத்தி நேர் எதிர்த் தொட்டியையும் நிரப்ப வேண்டும். இல்லையென்றால் ஒரு பக்கம் பாரம் இழுக்கும். அப்பா ஆளைப் பார்த்தே எடை சொல்வார். ஒவ்வொரு தொட்டியிலும் கம்பியைப் போட்டு, ஊசியைச் செருகி, கையால் ஒரு தரம் இழுத்துப் பார்ப்பார். ஒரு ராத்திரிக்கு எத்தனை நூறு தடவை அந்த இழுப்பு! நம் பிள்ளைகளின் உயிர் அந்தக் கையில் இருந்தது. அதைப் படிப்பில்லாத வேலை என்று கூலிக் கணக்கில் கடைசியில் எழுதுகிறார்கள்.

அப்பாவின் வலது சுட்டுவிரல் நுனி அப்படி ஒரு ராத்திரியில் போனது. ஊசிக்கும் கம்பிக்கும் நடுவே நசுங்கியது. கட்டுப் போட்ட செலவை முதலாளி கொடுத்தார், ஆனால் அடுத்த பதினொரு நாள் அப்பா வேலை செய்யவில்லை என்று கூலியைப் பிடித்துக்கொண்டார். முன்பணமாக வாங்கியிருந்த தொகை அப்படியே நின்றதால் வேறு ஆளிடம் போகவும் வழியில்லை. அந்த முதலாளியைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் பெயரும் வேண்டாம். அவரைக் கேட்க ஆளில்லாமல் போனது ஏன் என்பதுதான் என் கேள்வி.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இல் வந்தது. நிறுவனம் என்றால் எது என்று அதில் விளக்கம் இருக்கிறது. கடை, ஓட்டல், தியேட்டர் என்று சொல்லி வரும்போது பொதுமக்கள் பொழுதுபோக்கும் இடத்தையும் சேர்த்தே சொல்கிறது. வேலை நேரம், வார விடுமுறை, கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி எல்லாம் அந்தச் சட்டத்தில் வரும். 2021-இல் ஒரு திருத்தம் வந்ததே, நின்றுகொண்டே வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று? ஜவுளிக்கடைப் பெண்களுக்கு வந்த சட்டம் என்றுதான் அதை நாம் அறிவோம். உண்மையில் அது இந்தச் சட்டத்துக்குள் வரும் எல்லா நிறுவனத்துக்கும் பொருந்தும். ஊருக்கு வெளியே நிலையாக இருக்கும் தீம் பார்க்கில் பெல்ட் மாட்டிவிடும் பிள்ளைக்கும் அந்த நாற்காலி உண்டு. அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள் யாராவது இங்கே இருந்தால் நாளைக்கே கேளுங்கள்.

ஆனால் அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. சந்தையோ திருவிழாவோ நடக்கும் இடத்தில், ஒரு முறைக்கு 15 நாளுக்கு மேற்படாமல் தற்காலிகமாக நடக்கும் நிறுவனங்களுக்கு இந்தச் சட்டம் இல்லை. இங்கே 12 நாள், அடுத்த ஊரில் 10 நாள், அதற்கடுத்த ஊரில் 15 நாள். நிறுவனத்துக்கு அது 15 நாள். அப்பாவுக்கு அது முப்பது வருஷம். அந்த முப்பது வருஷமும் அவர் சட்டத்துக்கு வெளியே நின்றார்.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவிலும் வருஷத்தில் ஏழு மாதத்துக்கு மேல் நடக்காத பொழுதுபோக்கு இடங்களுக்கு, குறைந்தபட்ச ஊதியத்திலிருந்து மத்திய சட்டமே விலக்குத் தருகிறது.

இப்போது கூலிக்கு வருகிறேன். ஒரு மனிதனுக்குக் குறைந்தது எவ்வளவு வேண்டும் என்று இந்த நாடு கணக்குப் போட்டிருக்கிறது. 1957-இல் கூடிய 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு போட்ட கணக்கு அது. உழைப்பவர், துணைவி, பிள்ளைகள் சேர்ந்த குடும்பத்தைச் சாப்பாட்டுக் கணக்கில் மூன்று பங்கு என்று வைத்தார்கள். ஒரு பங்குக்கு ஒரு நாளைக்கு 2,700 கலோரி. வருஷத்துக்குக் குடும்பத்துக்கு 72 கஜம் துணி. வீட்டு வாடகை. விறகு, விளக்கு, சில்லறைச் செலவுக்கு மொத்தக் கூலியில் 20 விழுக்காடு. மனைவி, பிள்ளைகளின் சம்பாத்தியத்தை இதில் சேர்க்கவே கூடாது என்றும் சொன்னார்கள். அந்தக் கலோரிக் கணக்கைத் தந்தவர் டாக்டர் அய்க்ராய்ட், நம் குன்னூர் உணவு ஆராய்ச்சிக் கூடத்தின் இயக்குநராக இருந்தவர்.

பிறகு சென்னைத் தொழிற்சாலை ஒன்றின் தொழிலாளர்கள் நடத்திய வழக்கு, ரெப்டகாஸ் பிரெட் வழக்கு, உச்ச நீதிமன்றம் போனது. 1991-இல் தீர்ப்பு. பிள்ளைகள் படிப்பு, வைத்தியம், முதுமை, கல்யாணம், இவற்றோடு திருவிழா உள்ளிட்ட குறைந்தபட்சப் பொழுதுபோக்கு, எல்லாவற்றுக்குமாகக் குறைந்தபட்சக் கூலியில் 25 விழுக்காடு இருக்க வேண்டும் என்றார்கள். உழைக்கிறவன் பொங்கலுக்குப் பிள்ளையை ராட்டினத்தில் ஏற்ற வேண்டும், அதற்குக் கூலியில் இடம் வேண்டும் என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. நம் எல்லோருக்கும் அந்தப் பொழுதுபோக்கைத் தருகிறவரை மட்டும் இந்தக் கணக்கு எட்டவில்லையே!

ஒரு பேச்சுக்கு ராட்டினக்காரர் தினக்கூலியை 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 18,000 என்று வேகமாகப் பெருக்கிவிடாதீர்கள். ராட்டினம் ஓடுகிற நாளுக்குத்தான் கூலி. நிறுத்துகிற நாளுக்கும் பிரிக்கிற நாளுக்கும் சாப்பாடும் பேட்டாவும் கிடைத்தால் பெரிது. மழை பெய்தால் இல்லை. லாரிப் பயணத்துக்கு இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் திடல் முழுக்கத் தண்ணீர் நிற்கும், தொழிலே இல்லை. வருஷத்தில் 170 நாள் கூலி வந்தால் 1,02,000 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 8,500.

செலவுப் பக்கம் இன்னும் மோசம். 1957 கணக்குப் போட்டவர்கள் ஒரு குடும்பத்துக்கு ஓர் அடுப்பு என்று நினைத்தார்கள். ராட்டினக்காரருக்கு இரண்டு அடுப்பு. வீட்டில் ஒன்று எரிய வேண்டும், திடலில் ஒன்று எரிய வேண்டும். நம் ஊருக்கு வந்து பதினைந்து நாளில் போகிறவர் எங்கே சமைப்பார்? இட்லியிலிருந்து பரோட்டா வரை காசு கொடுத்துத்தான். அதுவும் திருவிழா விலையில். குளிக்கக் காசு, கழிப்பறைக்குக் காசு, வீட்டோடு பேச ரீசார்ஜ். அம்மா மாதக் கடைசியில் முன்பணம் கேட்டு ஆள் அனுப்புவார். அப்பா வாங்கி அனுப்புவார். அடுத்த சீசனுக்கும் அதே முதலாளி, அதே கூலி.

2025 நவம்பர் 21 முதல் புதிய ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. பட்டியலில் உள்ள தொழிலுக்குத்தான் குறைந்தபட்சக் கூலி என்று 1948-இலிருந்து இருந்த ஏற்பாட்டை அது எடுத்துவிட்டது. எல்லாத் தொழிலாளருக்கும் உண்டு என்கிறது. அந்தத் தொகுப்பில் நமக்கு ஒவ்வாதவை பல உண்டு, அதை இன்னொரு நாள் பேசுவோம். இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொள்வோம். ஆனால் ஊர் ஊராகப் போகிறவரைத் தேடி எந்த ஆய்வாளர் வரப்போகிறார்? வருவதற்குள் லாரி கிளம்பியிருக்கும்.

அதனால் திடலிலேயே பிடிக்க வேண்டும் என்கிறேன். திடலை ஏலம் விடுவது நம் நகராட்சி. ஏலத்தொகை ஏற ஏற, எடுத்தவர் அதை ராட்டின முதலாளி தலையில் வைப்பார், ராட்டின முதலாளி அதைக் கூலியில் வைப்பார். ஏலக் கேள்விக்கு மேல் கேள்வி போய்த் தொகை ஏறும்போது நாம் கைதட்டுகிறோம், அந்தப் பணம் யார் வயிற்றிலிருந்து வருகிறது என்று யோசிப்பதில்லை. ஏல நிபந்தனையில் தீயணைப்புச் சான்று கேட்கிறார்கள், மின்சாரச் சான்று கேட்கிறார்கள். அதோடு இதையும் கேட்கட்டும்: வேலை செய்யும் எல்லோரின் பெயர்ப் பட்டியல், நிறுத்தும் நாளுக்கும் பிரிக்கும் நாளுக்கும் சேர்த்துக் கூலி, வங்கிக் கணக்கில் போட்ட சீட்டு, விபத்துக் காப்பீடு, தங்க ஒரு கொட்டகை, கட்டணமில்லாத குளியலறை. இதைக் காட்டிய பிறகுதான் ஏலம் எடுத்தவருக்கு வைப்புத்தொகை திரும்பக் கிடைக்க வேண்டும். டெல்லிக்கோ சென்னைக்கோ போக வேண்டியதில்லை, நகர்மன்றத் தீர்மானம் போதும்.

மனு அந்த மேசையில் இருக்கிறது. தை மாதம் ஏல அறிவிப்பு வந்துவிடும், அதற்கு முன் ஆணையர் கையில் கொடுத்தாக வேண்டும். இதுவரை 212 கையெழுத்து சேர்ந்திருக்கிறது. கையெழுத்துப் போட வராத பெரியவர்களுக்கு மைப்பெட்டியும் வைத்திருக்கிறோம், என் அம்மாதான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். வணக்கம்.