வாய் இவருடையது, குரல் யாருடையது?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். எதிரணிக்கும் ஒரு வணக்கம். மிச்சத்தைப் பேச்சில் தருகிறேன்.

லூயிஸ் புரூக்ஸ் என்ற அமெரிக்க மௌனப்பட நடிகையை இன்றும் வாழவைப்பது திரையா, எழுத்தா? எழுத்தே என்று பேச வந்தேன். ஆனால் எதிரணித் தலைவி வாதமா செய்தார்? முடியல்லவா வெட்டினார்! "அந்தக் குட்டைமுடி மட்டும் இல்லையென்றால் அவர் எழுதிய புத்தகத்தை யார் தொட்டிருப்பார்கள்?" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். மூன்றாவது வரிசை, நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

சகோதரி, அதே முடிவெட்டைப் போன வாரம் நம் சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் நானும் செய்துகொண்டேன். இதோ, தலை! முப்பது வெள்ளி. வீட்டுக்கு வந்து பேனாவோடு உட்கார்ந்தேன். மளிகைப் பட்டியலைத் தவிர ஒன்றும் வரவில்லை. அவர் கதையும் அதுதானே! 1940களில் நியூயார்க்கில், 'சாக்ஸ்' என்ற பெயர்கொண்ட பெரிய கடையில், வாரம் 40 டாலருக்கு விற்பனைப் பெண்ணாக நின்றபோது அந்த முகம் எங்கே போயிருந்தது? கழுத்துக்கு மேலேதான் இருந்தது. யார் வந்து வாழவைத்தார்கள்?

சரி, திரைக்கே வருகிறேன். 1928இல் ஊதிய உயர்வு இல்லை என்று பாரமவுண்ட் நிறுவனம் கைவிரித்தது. போங்கள் என்று பெர்லினுக்குப் போய், பாப்ஸ்ட் இயக்கத்தில் 'பண்டோராவின் பெட்டி'யில் நடித்தார். திரும்பி வந்தால், சினிமாவுக்கு வாய் முளைத்திருக்கிறது! பாரமவுண்டுக்காக அவர் மௌனமாக நடித்துக்கொடுத்திருந்த 'கேனரி மர்டர் கேஸ்' படத்தைப் பேசும்படமாக்க வேண்டும், வந்து பேசு என்றார்கள். மாட்டேன் என்றார்.

என்ன செய்தார்கள் தெரியுமா? மார்கரெட் லிவிங்ஸ்டன் என்ற வேறொரு நடிகையைப் பேசவைத்து 1929இல் படத்தை வெளியிட்டுவிட்டார்கள். வாய் இவருடையது, வார்த்தை அவருடையது!

நமக்கு இது புதிதா? தமிழ் தெரியாத கதாநாயகிகளின் இரவல் குரலைக் கேட்டே வளர்ந்த காதுகள் நம்முடையவை. இங்கே பாருங்கள் கூத்தை: ஆங்கிலம் பேசும் ஊரில், ஆங்கிலம் பேசும் பெண்ணுக்கு, ஆங்கிலத்திலேயே இரவல்! அதோடு விட்டார்களா? இவர் குரல் பேசும்படத்துக்கு ஒத்துவராது என்றும் பரப்பினார்கள். விருந்துக்குச் சமைக்க வரமாட்டேன் என்ற மருமகளைப் பற்றி, "அவளுக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது" என்று அடுக்குமாடிப் புளோக் முழுக்கச் சொல்லிவைக்கும் மாமியாரைப் போல! நடுவர் ஐயா சிரிக்கிறார். சிரியுங்கள் ஐயா, அம்மா இன்று வரவில்லை.

திரையில் முகத்தை வைத்துக்கொண்டு குரலைக் கழற்றிவிடலாம். எழுத்தில் அதைச் செய்து காட்டுங்கள் பார்ப்போம்! 1938இல் கடைசிப் படம். 1956இல், திரைப்படக் காப்பாளர் ஜேம்ஸ் கார்டின் தூண்டுதலால் ரோசெஸ்டரில் குடியேறினார். அங்கே பழைய படங்களைப் பார்த்தார், எழுதினார். முன்பு எழுதிய தன்வரலாற்றைத் தாமே தீயில் போட்டவர் அவர். 1982இல் 'லூலூ இன் ஹாலிவுட்' என்ற அவருடைய கட்டுரை நூல் வந்தபோது வயது 75. பெரிய நடிகர் ஹம்ஃப்ரி போகார்ட்டையும் விடவில்லை, தம்மையும் விடவில்லை. அதில் எந்த வரியில் லிவிங்ஸ்டன் பேசுகிறார்?

மணி அடித்துவிட்டீர்கள். ஒரே நிமிடம் ஐயா.

என் அம்மா தேக்காவில் ஒரு துணிக்கடையில் இருபது வருடம் நின்றார். எந்நேரமும் கால்வீக்கம். இரவில் எங்களைத் தூங்கவைத்துவிட்டுச் சமையலறை மேசையில் எழுதுவார். அவற்றில் ஏழெட்டுச் சிறுகதைகள் 'தமிழ் முரசு' நாளிதழில் வந்தன, புனைபெயரில். கடை முதலாளிக்குத் தெரியாது. அப்பாவுக்கே தாமதமாகத்தான் தெரிந்தது.

அம்மாவின் கல்யாணப் படத்தில் ஈரம் ஏறிவிட்டது. மூக்குத்தி தெரிகிறது, கண் தெரியவில்லை. அந்தக் கதைகளின் நறுக்குகள் மட்டும் மைலோ டின்னில் பத்திரமாக இருக்கின்றன. போன மாதம் ஒன்றை எடுத்து என் மகளுக்குப் படித்துக்காட்டினேன். மீன் விலையைக் கேட்டு ஒரு பெண் பொரிந்து தள்ளும் இடம். பாட்டியைப் பார்த்தே இராத பிள்ளை அவள். "பாட்டி இப்படித்தான் பேசுவார்களா அம்மா?" என்றாள்.

இப்படியேதான் என்றேன். மேலே படிக்க முடியவில்லை. டின்னை அவளிடம் கொடுத்துவிட்டேன்.

வணக்கம்.