அம்மாவின் தோளில் கிடக்கும் துண்டு

நடுவர் ஐயாவுக்கும், கச்சான் கொறித்தபடி முன்வரிசையில் இருக்கும் அம்மாமாருக்கும் வணக்கம். வருத்தத்தை அதிகம் அறிந்தவர் வைத்தியரா, வருத்தக்காரரா என்பது தலைப்பு. நான் வருத்தக்காரர் பக்கம்.

எனக்கு முன் பேசிய தம்பி, பாம்பு கடித்தவரை விசகடி வைத்தியரிடம் கொண்டோடி நேரத்தைப் பாழாக்குகிறோம் என்றார். சரி, உண்மைதான், விசத்துக்கு மருந்து ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது. ஆனால் தம்பி, கதையின் மற்றப் பாதியை விட்டுவிட்டீர்களே. கட்டுவிரியன் இரவில் பாயில் படுத்திருப்பவரைக் கடித்தால் பெரிதாக நோகாது, வீங்காது, பல நேரம் பல் பட்ட இடமும் தெரியாது. விடிய வயிற்றுவலி என்று போகிறவர், "ராத்திரி ஏதோ சுருக்கெண்டது, டொக்டர்" என்பார். இரத்தம் உறைகிறதா என்று 20 நிமிடம் பார்க்கும் சோதனை கண்ணாடி விரியனைக் காட்டிக்கொடுக்கும், கட்டுவிரியனைக் காட்டாது. அந்தச் 'சுருக்'கைக் காதில் வாங்காமல் காஸ் என்று குளிசை கொடுத்து அனுப்பினால், கண்மடல் தானாகச் சரியும்போதுதான் விளங்கும். அடுத்தது மூச்சு.

இனி என் வீட்டுக் கதை. 2009 இல் போர் நேரம் அம்மாவின் தோளில் ஏறிய செல் துண்டை, அதுதான் வெடித்த எறிகணையின் இரும்புத் துண்டை, எடுக்கவில்லை, எடுத்தால் நரம்பு போகும் என்றார்கள். வன்னியில் இது புதினமில்லை, உடம்பில் இரும்போடு இருப்பவர்கள் கைதூக்குங்கள் என்றால் நடுவர் எண்ணி முடிக்க மாட்டார். வருசக்கணக்காக ஒரே இடத்தில் கிடந்ததைப் பற்றி ஒரு மாரியில் அம்மா, "பிள்ளை, இது கீழ இறங்குது" என்றார். கிளினிக்கில் இருந்த வைத்தியர் கொப்பியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அம்மா, இரும்புக்குக் காலா இருக்கு? வயசு போனா தோள் நோகும்தான்." பனடோல். மூன்று முறை போனோம், மூன்று முறையும் பனடோல், மூன்றாம் முறை நானே அம்மாவை நம்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நாலாம் முறை இருந்தவர் ஒரு இளம் வைத்தியர். "எங்கை எண்டு நீங்களே தொட்டுக் காட்டுங்கோ அம்மா" என்றார். அம்மா விரலை வைத்த இடத்தில் ஒரு பேப்பர் கிளிப்பை பிளாஸ்டரால் ஒட்டி எக்ஸ்ரேக்கு அனுப்பினார். படத்தில் கிளிப்பும் துண்டும் ஒட்டியபடி. பழைய படத்தில் இருந்ததைவிட இரண்டு விரற்கடை கீழே! அம்மா என்னைத்தான் பார்த்தார்.

வெளியே நூறு பேர் வரிசையில் நிற்க ஆறுதலாகக் கேட்க நேரமேது என்று எதிரணி கேட்கும். அமெரிக்காவில் 1984 இல் பெக்மன், பிராங்கல் என்ற இருவர் 74 சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தார்கள். நோயாளி வாய் திறந்து சராசரி 18 விநாடியில் வைத்தியர் குறுக்கே பேசிவிடுகிறார். அங்கே என்ன எங்களூர் வரிசையா நின்றது?

மணி அடிக்கிறீர்கள், நடுவர் ஐயா. பரவாயில்லை, 18 விநாடியைவிடக் கூடத்தான் தந்தீர்கள். வணக்கம்.